எஃகு உருகவே இல்லை. பிறகு ஏன் விழுந்தது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். "எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும், விமான எரிபொருள் எரிந்தால் 1,000 டிகிரியை ஒட்டித்தான் வரும். அப்படியானால் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் எப்படி விழுந்தன, அதுவும் வெடிவைத்துத் தகர்த்தது போல நேராக? வேறு சில கட்டடங்கள் விடிய விடிய எரிந்தும் நின்றனவே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எஃகு எப்போது கைவிடுகிறது என்பது ஒன்று. சில மாடிகளில் பட்ட அடி முழுக் கட்டடத்தையும் ஏன் சாய்க்கிறது என்பது இன்னொன்று. ஏறக்குறைய ஒரே மாதிரித் தீயில் ஒன்று நிற்க, மற்றொன்று ஏன் விழுகிறது என்பது மூன்றாவது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மூன்றாவதுதான். நான் கட்டமைப்புப் பொறியாளர். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் கணிசமான காலம், தீப்பிடித்து அணைந்த கட்டடங்களுக்குள் போய் எதை வைத்துக்கொள்ளலாம், எதை இடிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் வேலை. நியூயார்க் விசாரணையில் எனக்குப் பங்கு கிடையாது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2005இலும் 2008இலும் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்து, நான் கண்ணால் கண்டவற்றோடு ஒட்டிப் பார்த்துத்தான் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

உருகும் கதையை முதலில் முடித்துக்கொள்வோம். கொல்லன் உலையில் இரும்பை உருக்குவதில்லை. செக்கச் செவேலென்று பழுத்ததும் வெளியே இழுத்து, சம்மட்டியால் அடித்து, வேண்டிய உருவத்துக்கு வளைத்துக்கொள்கிறார். உருகுநிலைக்குப் பல நூறு டிகிரி கீழேயே அந்த இரும்பு இளகிக் கொடுத்துவிடுகிறது. கட்டட எஃகும் அப்படித்தான். 400 டிகிரி வரை தன் வலுவைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளும். விறைப்பு மட்டும் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். 600 டிகிரியை நெருங்கும்போது வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். 800 டிகிரியில் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். சாதாரண நாளில் ஒரு தூண் தன் முழு வலுவில் ஏறத்தாழ பாதியைத்தான் செலவழிக்கிறது. மீதிதான் நாம் வைத்திருக்கும் கையிருப்பு. வலு பாதியானால் கையிருப்பு காலி. ஆகவே 1,500 டிகிரியை எங்கும் தேட வேண்டியதில்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோபுரங்களில் விமான எரிபொருள் சில நிமிடங்களிலேயே எரிந்து தீர்ந்துவிட்டது. அது செய்த வேலை, பல மாடிகளை ஒரே நொடியில் பற்றவைத்தது. அதன்பின் எரிந்தது எல்லா அலுவலகத்திலும் இருக்கும் காகிதம், மேசை, நாற்காலி, கம்பளம், கணினி. ஒரு தளம் முழுவதும் அப்படி எரிந்தால் அங்குள்ள வாயு 1,000 டிகிரி வரை சூடேறும்.

வலு குறைவது பாதிக் கதை. மீதிப் பாதியைப் பலர் யோசிப்பதே இல்லை: சூடான எஃகு நீளும். 18 மீட்டர் நீளமுள்ள ஒரு உத்தரம் 600 டிகிரிக்குச் சூடேறினால் 12 சென்டிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். இரு முனையும் கட்டுண்டு கிடக்கும்போது அது எங்கே போகும்? முதலில் தன்னைப் பிடித்திருக்கும் தூண்களை வெளியே தள்ளும். தள்ள முடியாதபோது தானே நெளியும். இன்னும் சூடேறி வலு குறைந்ததும் நடுவில் தொய்ந்து தொங்கும். அதுவரை உத்தரமாக இருந்தது இப்போது கயிறாகிவிடுகிறது. துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். ஈரத் துணியின் பாரத்தில் கொடி தொய்ந்தால் இரு பக்கக் கம்பங்களும் உள்ளே இழுபடும். தொய்ந்த தளமும் அதே போலத் தூண்களை உள்ளே இழுக்கிறது. அதாவது ஒரே தீ, ஒரே தூணை முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கிறது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருப்பவை சில போல்ட்டுகளும் ஒரு சிறிய தாங்கு பலகையும். மேலிருந்து கீழாக வரும் பாரத்துக்குத்தான் அவற்றைக் கணக்கிட்டிருப்பார்கள்; இந்த இழுபறிக்கு அல்ல. நான் உள்ளே போய்ப் பார்த்த எரிந்த கட்டடங்களில் உத்தரம் நடுவில் முறிந்து நான் கண்டது அபூர்வம். வெட்டுண்ட போல்ட்டும் பிய்ந்த இணைப்பும்தான் அடிக்கடி கண்ணில் பட்டிருக்கின்றன. அவற்றில் சில தீ அணைந்த பிறகு, எஃகு ஆறிச் சுருங்கும்போது அறுந்தவை. தீ அணைந்துவிட்டது என்று உடனே உள்ளே ஓடக் கூடாது என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வது இதனால்தான்.

இப்போது மோதலுக்கு வருவோம். உயர்ந்த கட்டடத்தில் விமானம் மோதுவது 2001இல் முதல் முறையாக நடந்ததல்ல. 1945 ஜூலை 28 அன்று மூடுபனியில் வழி தப்பிய பி-25 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79ஆவது மாடியருகே மோதியது. 14 பேர் இறந்தார்கள். தீயை ஒரு மணி நேரத்துக்குள் அணைத்தார்கள், கட்டடம் நின்றது. அந்த விமானத்தின் எடை சுமார் 10 டன். இரட்டைக் கோபுரங்களில் மோதிய போயிங் 767 விமானங்கள் ஒவ்வொன்றும் 120 டன்னுக்கு மேல். வேகம் வடக்குக் கோபுரத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர், தெற்கில் சுமார் 870. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 38,000 லிட்டர் எரிபொருள். மோதலின் ஆற்றல் பல பத்து மடங்கு பெரிது. இத்தனைக்குப் பிறகும் இரண்டு கோபுரங்களும் மோதலில் விழவில்லை. வடக்குக் கோபுரம் 102 நிமிடமும் தெற்குக் கோபுரம் 56 நிமிடமும் நின்றன. இந்த இடத்தை நான் யாரிடமும் அழுத்திச் சொல்வேன். தாக்குதல் நேரத்தில் இரு கோபுரங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 17,400 பேர் இருந்தார்கள் என்று நிஸ்ட் கணித்தது. மோதிய மாடிகளுக்குக் கீழே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். அந்த நிமிடங்களை அவர்களுக்குக் கொடுத்தது அந்தக் கட்டடங்களின் எஃகு.

எப்படி நின்றன என்பதிலேயே எப்படி விழுந்தன என்பதற்கும் விடை இருக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் 110 மாடி, ஒரு பக்கம் 63 மீட்டர். வெளிச்சுவர் முழுக்க ஒன்றையொன்று நெருக்கி நின்ற 236 எஃகுத் தூண்கள். நடுவில் மின்தூக்கியும் படிக்கட்டும் இருந்த பகுதியில் 47 தடித்த தூண்கள். இரண்டையும் இணைக்கும் இலேசான பின்னல் உத்தரங்களின் மேல் தளங்கள். மோதலில் வெளித்தூண்கள் முப்பது சொச்சம் அறுந்தன. ஆனால் நெருக்கமான தூண்கள் என்பதால் அறுந்த இடத்தின் பாரம் வளைவு வாசலில் போவது போல இரு பக்கமும் சுற்றிக்கொண்டு இறங்கியது. உச்சியில் இருந்த பெரிய எஃகுச் சட்டம் உள்தூண்களின் பாரத்தில் ஒரு பகுதியை வெளித்தூண்களுக்கு மாற்றிக் கொடுத்தது. பாரத்துக்கு வேறு வழி இருந்தது, அதனால் நின்றது. அதே நேரத்தில் மோதல் வேறு இரண்டைப் பறித்துக்கொண்டு போனது. எஃகின்மேல் தெளித்திருந்த தீத்தடுப்புப் பூச்சு, பஞ்சும் சிமெண்டும் கலந்தது போன்ற மெத்தென்ற பொருள், சிதறிய துண்டுகள் பட்டு உதிர்ந்தது. தண்ணீர்க் குழாய்கள் அறுந்து, தீயின்மேல் தெளிக்க வேண்டிய ஸ்பிரிங்ளர்களுக்கு நீர் இல்லாமல் போனது. பூச்சு பெருமளவு உதிராமல் இருந்திருந்தால் கோபுரங்கள் பெரும்பாலும் நின்றிருக்கும் என்பது நிஸ்ட்டின் முடிவு. அதோடு நான் உடன்படுகிறேன்.

அதன்பின் நடந்தது மெதுவானது, படங்களில் பதிவானது. தொய்ந்த தளங்கள் வெளிச்சுவரை உள்ளே இழுக்கத் தொடங்கின. வடக்குக் கோபுரத்தின் தெற்குச் சுவர், விழுவதற்குச் சில நிமிடங்கள் முன், ஒன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவாக உள்நோக்கிக் குழிந்திருந்ததைப் படங்களிலிருந்து அளந்திருக்கிறார்கள். ஒரு நீண்ட பிளாஸ்டிக் அளவுகோலை இரு முனையிலும் அழுத்திப் பாருங்கள். சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும். நடுவில் இன்னொருவர் விரலால் பிடித்துக்கொண்டால் நான்கு மடங்கு அழுத்தம் தாங்கும். தூணுக்கு அந்த விரல்தான் ஒவ்வொரு மாடியின் தளமும். மெலிந்த தூணுக்கு ஒரு தளத்தின் பிடி போனால் தாங்குதிறன் நான்கில் ஒன்றாகும். அடுத்தடுத்து இரண்டு போனால் ஒன்பதில் ஒன்று. கோபுரத்துத் தூண்கள் அத்தனை மெலிந்தவை அல்ல, ஆகவே சரிவு இவ்வளவு செங்குத்தாக இருந்திராது. ஆனால் திசை இதுதான். ஒரு சுவர் வளைந்தது, அதன் பாரம் பக்கத்துச் சுவர்களுக்கும் ஏற்கெனவே சூட்டில் குறுகிக்கொண்டிருந்த உள்தூண்களுக்கும் தாவியது, அவற்றிடம் கையிருப்பு இல்லை. பின்னால் மோதப்பட்ட தெற்குக் கோபுரம் முன்னால் விழுந்தது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. அங்கே விமானம் இன்னும் வேகமாக, ஒரு மூலையை ஒட்டி, கீழான மாடிகளில் மோதியது. அறுந்த இடத்துக்கு மேலே வடக்கில் பன்னிரண்டு மாடி பாரம் என்றால், தெற்கில் அது இருபத்தெட்டுக்கு மேல்.

சில மாடிகள் நொறுங்கினால் கீழேயுள்ள எண்பது, தொண்ணூறு நல்ல மாடிகள் ஏன் தாங்கவில்லை? ஒரு செங்கல்லைத் தலையில் மெதுவாக வைத்தால் நடந்து போகலாம். அதையே ஓராள் உயரத்திலிருந்து போட்டால்? பாரம் அதே பாரம்தான். கோபுரத்தில் ஒரு மாடி உயரம் சுமார் 3.7 மீட்டர். அந்த உயரம் தடையின்றி விழுந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். பன்னிரண்டு மாடிகள் ஒட்டுமொத்தமாக அந்த வேகத்தில் இறங்கினால், கீழ்மாடியின் தூண்கள் வளைந்து நெளிந்து உறிஞ்சக்கூடிய ஆற்றலை அது பல மடங்கு மிஞ்சும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பஸான்ட் அப்போதே ஒரு கணக்குப் போட்டார். கட்டடத்துக்குச் சாதகமான ஊகங்களையே வைத்துக்கொண்டும் எட்டு மடங்குக்கு மேல் வந்தது. எந்தக் கட்டடத்தையும் மேல்பாதி கீழ்பாதிமேல் விழுவதற்கு நாம் வடிவமைப்பதில்லை. தொடங்கவிடாமல் தடுப்பதுதான் வழி. இத்தகைய கோபுரத்தில் தொடங்கியதை நிறுத்த வழியில்லை.

நேராக விழுந்தது சந்தேகத்துக்குரியது என்று நினைப்பவர்களுக்கு மரம் சாயும் காட்சி மனதில் இருக்கிறது. மரம் சாய்வதற்கு அதன் அடி சிதையாமல் ஒரு கீல் போல இருந்து மொத்த எடையையும் தாங்க வேண்டும். ஆயிரக்கணக்கான டன் எடையை ஒரு பக்க ஓரத்தில் மட்டும் நிறுத்தினால் எந்த எஃகும் நிற்காது. சாய்வதற்கு முன்பே அந்த ஓரம் நொறுங்கிவிடும், பிறகு போவதற்கு இருக்கும் ஒரே திசை கீழ். தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி முதலில் சாயத்தான் செய்தது. படங்களில் தெளிவாகத் தெரியும். சாய்ந்த சில நொடிகளில் அதைத் தாங்கிய ஓரம் நசுங்கி, கீழே இறங்கிவிட்டது. சுத்தமாக, தன் அடித்தளத்துக்குள்ளேயே விழுந்தது என்பதும் சரியல்ல. சுற்றியிருந்த கட்டடங்கள் பல சிதைந்தன. வடக்குக் கோபுரத்தின் துண்டுகள் நூறு மீட்டர் தாண்டிப் போய், அதே வளாகத்தின் 47 மாடி உயர ஏழாம் எண் கட்டடத்தில் பட்டுத் தீ மூட்டின.

அந்த ஏழாம் எண் கட்டடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த விமானமும் மோதாத கட்டடம் அது. அன்று மாலை 5.20க்கு அது விழுந்தது. காலையிலிருந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் தீ கட்டுப்பாடின்றி எரிந்திருந்தது. நகரின் தண்ணீர்க் குழாய் உடைந்ததால் கீழ்மாடி ஸ்பிரிங்ளர்களுக்கு நீர் வரவில்லை. நீண்ட தள உத்தரங்கள் சூட்டில் நீண்டு, ஒரு முக்கிய உத்தரத்தை அதன் தாங்கு பலகையிலிருந்து தள்ளிவிட்டன. அதனால் தளங்கள் அடுக்கடுக்காக விழ, 79ஆம் எண் தூண் பல மாடி உயரத்துக்குப் பிடியின்றி நின்று வளைந்தது. உட்பகுதி முழுதும் சரிந்தபின் வெளிச்சுவர் இறங்கியது. இது நிஸ்ட் சொல்லும் வரிசை. வெளிச்சுவர் சுமார் 2.25 நொடி தடையே இல்லாத வேகத்தில் விழுந்தது என்பதையும் அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. பலர் இதைத்தான் சதிக்குச் சான்றாக நீட்டுகிறார்கள். உள்ளே எல்லாம் முன்பே போய், வெளித்தூண்கள் கீழே எட்டு மாடி உயரத்துக்கு ஒருசேர வளைந்துவிட்டால் அந்த நேரம் தடுக்க எதுவும் இருக்காது என்பது என் புரிதல். கூரையின் கிழக்குப் பக்க அறை பல நொடிகள் முன்பே உள்ளே அமிழ்ந்தது படத்தில் பதிவாகியிருக்கிறது. உள்ளே முதலில் போனது என்பதற்கு அதுவே நேரடிச் சாட்சி.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்வது என் கடமை. வெளித்தூண்கள் எத்தனை அறுந்தன, சுவர் எவ்வளவு குழிந்தது, எந்த நேரத்தில் எது விழுந்தது என்பவை படத்தில் எண்ணியவை, அளந்தவை. உள்தூண்களில் வடக்கில் ஆறும் தெற்கில் பத்தும் அறுந்தன என்பது கணினியில் உருவாக்கிய மாதிரிக் கணக்கு சொன்னது, யாரும் பார்த்ததல்ல. இடிபாட்டிலிருந்து சோதனைக்கு எடுத்து வைத்த எஃகுத் துண்டுகள் 236. அவற்றில் சோதித்த வெளித்தூண் பகுதிகளில் 250 டிகிரிக்கு மேல் சூடேறிய அடையாளம் மூன்றே இடங்களில்தான் இருந்தது. தீ எரிந்த மாடிகளின் உள்தூண்களிலிருந்து கிடைத்தவை சொற்பம். ஏழாம் எண் கட்டடத்தின் எஃகு என்று உறுதியாக அடையாளம் காணக்கூடிய துண்டு ஒன்றுகூட ஆய்வுக்கு வரவில்லை. ஆகவே எந்த இணைப்பு முதலில் விட்டது என்று திட்டவட்டமாகச் சொல்பவரிடம் நான் ஒத்துப்போக மாட்டேன். அது கணினிக் கணக்கிலிருந்து எடுத்த மிக நியாயமான விளக்கம், அவ்வளவே. கோபுரங்களைப் பற்றிய நிஸ்ட்டின் விரிவான மாதிரியும் சரிவு தொடங்கும் கணம் வரைதான் போனது. இத்தனை ஓட்டைகள் இருந்தும், பூச்சிழந்த எஃகு, நீரில்லாத தீ, உள்நோக்கிய இழுப்பு, வளைந்த தூண் என்ற பெரிய வரிசையை அசைக்கும் எதையும் நான் கண்டதில்லை. அந்த எஃகில் பெரும்பகுதியை அவசரமாகப் பழைய இரும்பாக விற்று அனுப்பியது இன்னும் என் மனதை உறுத்துகிறது. மீதிச் சந்தேகங்களில் பாதியை அது தீர்த்திருக்கும்.

வெடிப்பு வேறு விதம். தீ மணிக்கணக்கில் செய்வதை அது கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. ஆனால் அதன் கை நீளம் குறைவு. தூரம் கூடக் கூட அழுத்தம் மிக வேகமாகக் குறைந்துவிடும். முக்கியமான கட்டடங்களைச் சுற்றி வாகனம் நெருங்க முடியாதபடி தடுப்புக் கம்பங்கள் நடுவது இதனால்தான். பத்து மீட்டர் தூரம் தரும் பாதுகாப்பைச் சுவரைத் தடிமனாக்கிப் பெறுவது கடினம். இன்னொரு கெடுதல், வெடிப்பு தளத்தை மேல்நோக்கித் தூக்குகிறது. தளத்தின் கம்பிகளை நாம் கீழ்நோக்கிய பாரத்துக்கு ஏற்றபடி போட்டிருப்போம். தூக்கி விழுந்த தளம் நொறுங்கினால் தூணின் பிடியும் அதோடு போகும். ஆனால் எவ்வளவு பெரிய வெடி என்பதைவிட, அது எந்த உறுப்பைத் தொட்டது, அந்த உறுப்புக்கு மாற்று இருந்ததா என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. 1993 பிப்ரவரியில் இதே வடக்குக் கோபுரத்தின் அடியில், வாகன நிறுத்தத்தில் ஒரு பெரிய வெடிகுண்டு வெடித்தது. பல தளங்களைத் துளைத்தது, ஆறு பேர் இறந்தார்கள், கோபுரம் அசையவில்லை. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரின் ஒன்பது மாடி மர்ரா அரசு அலுவலகக் கட்டடத்தின் முன் லாரி குண்டு வெடித்தபோது 168 பேர் இறந்தார்கள், கட்டடத்தின் பெரும் பகுதி சரிந்தது. முகப்பில் கீழே தூண்களின் இடைவெளி அகலமாக வேண்டும் என்று, மேல்மாடிகளின் தூண்களை மூன்றாம் மாடியில் ஓடிய ஒரே நீண்ட உத்தரத்தின்மேல் நிறுத்தியிருந்தார்கள். வெடி ஒரு தூணை நேரடியாகத் தகர்த்தது. பக்கத்துத் தூண்களும் போயின. அந்த உத்தரம் விழ, அதை நம்பி நின்ற எல்லாம் விழுந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, சரிவு.

இந்தப் பாடத்தை இன்னும் சிறிய வெடிப்பு ஒன்று முன்பே சொல்லியிருந்தது. 1968 மே 16 அதிகாலை, கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அவர் உயிர் பிழைத்தார். அந்த வெடிப்பு அத்தனை சிறியது. ஆனால் ஒரு மூலைச் சுவர்ப்பலகை வெளியே விழுந்தது. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளைச் சீட்டுக்கட்டு வீடு போல அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்தவை தாங்க ஆளில்லாமல் இறங்கின, அந்த எடை கீழே இருந்தவற்றையும் தரை வரை கொண்டுபோனது. ஒரு மூலை முழுவதும் போய்விட்டது. நான்கு பேர் இறந்தார்கள். 1986இல் கட்டடத்தைப் பிரித்தபோது, சாந்து நிரப்ப வேண்டிய இணைப்புகளில் பழைய செய்தித்தாள்கள் திணித்திருந்தது தெரிந்தது. இந்த நிகழ்வுக்குப் பிறகுதான், ஒரு தூணோ சுவரோ போனாலும் பாரம் வேறு வழியில் இறங்க வேண்டும், ஒவ்வொரு தளமும் தூணும் ஒன்றோடொன்று கம்பியால் கட்டுண்டிருக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் வந்து, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. நான் வரைபடம் பார்க்கும்போது இன்றும் முதலில் தேடுவது இதைத்தான்: எந்த ஒரு உறுப்பு போனால் மற்ற எல்லாம் போகும்?

இனி உங்கள் மூன்றாவது கேள்வி, ஏன் சில நிற்கின்றன. மாட்ரிட்டில் 2005 பிப்ரவரியில் எரிந்த 32 மாடி விண்ட்சர் கோபுரம் இரண்டு பதிலையும் ஒரே உடலில் வைத்திருந்தது. நடுப்பகுதி கான்கிரீட், வெளி விளிம்பில் எஃகுத் தூண்கள். மேல்மாடிகளில் அந்த எஃகுத் தூண்களுக்குத் தீக்காப்பு இன்னும் பூசியாகவில்லை. அந்த வேலை கீழிருந்து நடந்துகொண்டிருந்தது. அங்கே விளிம்பு முழுவதும் சரிந்து விழுந்தது. 17ஆவது மாடியை ஒட்டியிருந்த தடித்த கான்கிரீட் தளம் அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்தியது; கான்கிரீட் நடுப்பகுதி கடைசி வரை நின்றது. லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் 2017இல் அடி முதல் நுனி வரை எரிந்து 72 உயிர்களைப் பறித்தது, ஆனால் அதன் கான்கிரீட் கூடு விழவில்லை. கான்கிரீட் வெப்பத்தைத் தயங்கித்தான் உள்ளே விடும். உள்ளிருக்கும் கம்பி மெதுவாகவே சூடேறும். அதற்கும் பலவீனம் உண்டு. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், மேல்தோல் துப்பாக்கிச் சத்தத்தோடு வெடித்து உதிரும். வலு மிக்க, அடர்த்தியான நவீன கான்கிரீட்டில் இது இன்னும் மோசம். அதனால் கலவையில் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சேர்க்கிறோம். 170 டிகிரியை ஒட்டி அவை உருகி, ஆவி போக நுண்வழிகளைத் திறந்துவிடும். எரிந்த தூணைப் பார்க்கும்போது நான் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே நிறத்தையும் பார்ப்பேன். பல வகைக் கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினால் இளஞ்சிவப்பாகிவிடும். அந்த நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது எனக்கு எந்தக் கருவியையும்விடச் சீக்கிரம் செய்தி சொல்லும்.

தீக்காப்பு பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் தவறான நம்பிக்கை அதிகம் இருப்பது அங்கேதான். "இரண்டு மணி நேரத் தீக்காப்பு" என்றால் கட்டடம் இரண்டு மணி நேரம் நிற்கும் என்று அர்த்தமல்ல. தனியான ஒரு உத்தரத்தையோ தூணையோ சோதனை உலையில் வைத்து, வரையறுத்த விதத்தில் சூடேற்றும்போது (ஒரு மணி நேரத்தில் உலை 945 டிகிரியை எட்டும்), அந்த உறுப்பு இரண்டு மணி நேரம் தாங்கியது என்று மட்டுமே அர்த்தம். இணைப்புகள், பக்கத்து உறுப்புகளின் தள்ளல், ஆறும்போது வரும் சுருக்கம் எதுவும் அந்த உலையில் கிடையாது. இதற்கு நல்ல பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் கார்டிங்டனில் 1990களில் எட்டு மாடி எஃகுக் கட்டடம் ஒன்றைச் சோதனைக்காகவே கட்டி எரித்தபோது, காப்பில்லாத உத்தரங்கள் தொய்ந்தும் தளம் விழவில்லை. கான்கிரீட் தளம் வலை போல இழுபட்டுப் பாரத்தைத் தாங்கியது. முழுக் கட்டடம் சில நேரம் உலைச் சோதனையைவிட நன்றாகவும் நடந்துகொள்ளும், சில நேரம் மோசமாகவும். டெஹ்ரானின் 17 மாடி பிளாஸ்கோ கட்டடம் 2017 ஜனவரியில் மூன்றரை மணி நேரத்தில் விழுந்தது, உள்ளே தீயணைப்பு வீரர்கள் இருக்கும்போதே. விமானமும் இல்லை, வெடியும் இல்லை. நானே ஒரு முறை, தீ விபத்து எதுவும் நடக்காத ஒரு உயரமான கட்டடத்தில் பொய்க்கூரைப் பலகைகளைக் கழற்றிப் பார்த்தேன். குழாய்க்காரர்களும் மின்வேலை செய்தவர்களும் கிளாம்பு மாட்டுவதற்காக உத்தரங்களின் பூச்சைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். யாரும் திரும்பப் பூசவில்லை. நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு எஃகு வெறுமையாகக் கிடந்தது. கோப்பில் அது இரண்டு மணி நேரக் காப்புள்ள கட்டடம். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நிர்வாகத்துக்கு எழுதினேன், திரும்பப் பூசி முடிக்க எட்டு மாதம் ஆனது.

உயர்ந்த மாடியில் வேலை செய்பவர் என்ற முறையில் பயப்பட வேண்டுமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து சரிவு அல்ல, புகை. கட்டடம் தளர்வதற்கு வெகு முன்பே அது வந்துவிடும். ஆகவே படிக்கட்டுக் கதவு தானாக மூடுகிறதா, அதை யாராவது முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருக்கிறார்களா, ஸ்பிரிங்ளர் பம்பை மாதாமாதம் ஓட்டிப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பிலடெல்பியாவில் 1991 பிப்ரவரி 23 அன்று ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியில், ஆளி விதை எண்ணெய் ஊறிய துணிகள் தாமாகச் சூடேறித் தீப்பிடித்தன. மின்சாரம் போனது, குழாய்களில் போதிய அழுத்தம் இல்லை, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தளங்கள் தொய்வதைப் பார்த்த அதிகாரிகள் சரிவுக்கு அஞ்சி எல்லோரையும் வெளியே அழைத்துவிட்டார்கள். தீ ஒவ்வொரு மாடியாக மேலே ஏறி எட்டு மாடிகளைத் தின்றது. 30ஆவது மாடியில் ஸ்பிரிங்ளர் பொருத்தியிருந்தார்கள். அங்கே பத்து முனைகள் திறந்தன. தீ அதற்கு மேல் போகவில்லை.